உஷார்! ஓட்டு முடிந்ததும் பில் வரும்

2024 ஜூன் 1, சனிக்கிழமை. மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு அன்று மாலை முடிந்தது. ஓட்டு எண்ணிக்கை ஜூன் 4, செவ்வாய்க்கிழமை. நடுவில் வந்த திங்கட்கிழமை, ஜூன் 3 அன்று நாடு முழுக்கச் சுங்கச்சாவடிக் கட்டணம் சராசரியாக 5 சதவீதம் ஏறியது. அது ஏப்ரல் 1-ஆம் தேதியே ஏறியிருக்க வேண்டிய கட்டணம். தேர்தல் ஆணையம் கேட்டுக்கொண்டதால் இரண்டு மாதம் நிறுத்தி வைத்திருந்தார்கள். கடைசி ஓட்டு விழுந்ததும், யார் ஜெயித்தார்கள் என்று தெரிவதற்கு முன்பே, ஏற்றிவிட்டார்கள்.

இது ஏதோ ஒருமுறை நடந்த விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பெட்ரோல், டீசல், கேஸ், கரண்ட், பஸ், பால், வீட்டு வரி என்று உங்கள் மாதச் செலவைத் தீர்மானிக்கும் விலைகளில் பெரும்பாலானவை தேர்தல் தேதியைப் பார்த்து நிற்கின்றன, தேர்தல் தேதியைப் பார்த்து ஏறுகின்றன. இது தெரியாமல் குடும்பக் கணக்குப் போடுகிறவர்கள் திரும்பத் திரும்ப அடிவாங்குகிறார்கள். அதனால்தான் இந்த எச்சரிக்கை.

தேதிகளைப் பாருங்கள். 2017 ஜூன் 16-லிருந்து பெட்ரோல், டீசல் விலை தினமும் மாறும் என்பது விதி. சர்வதேச சந்தையில் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும் என்றார்கள். 2018 மே 12-இல் கர்நாடகத்தில் சட்டமன்றத் தேர்தல். ஏப்ரல் 24-லிருந்து விலை அசையவே இல்லை. வாக்குப்பதிவு முடிந்த மறுநாளுக்கு மறுநாள், மே 14 அன்று ஏறத் தொடங்கி, தொடர்ந்து 16 நாள் ஏறியது. 2021-இல் நம் தமிழ்நாட்டுக்கும் கேரளம், மேற்கு வங்கம், அசாம், புதுச்சேரிக்கும் தேர்தல். பிப்ரவரி 27-க்குப் பிறகு ஒரு பைசாகூட ஏறவில்லை, சில நாள் கொஞ்சம் இறங்கவும் செய்தது. மே 2 முடிவு வந்தது. மே 4 முதல் ஏற்றம். ஜூலை தொடக்கத்தில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டியது.

அடுத்த முறை இன்னும் மோசம். 2021 தீபாவளிக்கு முந்தைய நாள் மத்திய அரசு பெட்ரோலுக்கு 5 ரூபாயும் டீசலுக்கு 10 ரூபாயும் கலால் வரியைக் குறைத்தது. நல்லது. அதன்பின் 137 நாள் விலை மாறவில்லை. உத்தரப் பிரதேசம், பஞ்சாப் உள்ளிட்ட ஐந்து மாநிலத் தேர்தல் அந்த நாட்களுக்குள் நடந்தது. பிப்ரவரி 24-இல் உக்ரைன் போர் வெடித்து உலகமெங்கும் கச்சா எண்ணெய் விலை எகிறியபோதும் நம் பங்க்கில் அதே விலைதான். மார்ச் 10-இல் தேர்தல் முடிவு. மார்ச் 22-இல் பூட்டு திறந்தது. 16 நாளில் லிட்டருக்கு 10 ரூபாய். சென்னையில் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசு, டீசல் 100 ரூபாய் 94 காசு.

போர்தான் முதல் காரணம், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து மாதத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்திருக்க வேண்டியது இரண்டு வாரத்தில் மொத்தமாக வந்தால் யாருக்கு வலிக்கும்? டேங்க் நிரப்பிக் கார் ஓட்டுகிறவருக்கு வலி குறைவு. ஜூன் மாதத்துக்கான ஸ்கூல் வேன் கட்டணத்தை முன்கூட்டியே பேசி முடித்துவிட்ட வேன் டிரைவருக்குத்தான் வலி. முகூர்த்தத்துக்கு இலைக்கு இவ்வளவு என்று ஜனவரியிலேயே ஒப்புக்கொண்ட சமையல் காண்ட்ராக்டருக்கு வலி. லாரி வாடகை ஏறி, கோயம்பேட்டில் காய்கறி ஏறி, மே 4 அன்று ரிசர்வ் வங்கி வழக்கமான கூட்டத்துக்குக் காத்திராமல் ரெப்போ வட்டியை 4-லிருந்து 4.40 சதவீதமாக உயர்த்தியது. 2023 பிப்ரவரியில் அது 6.50-இல் போய் நின்றது. வீட்டுக் கடன் வாங்கியவர்களின் மாதத் தவணையும் கூடவே ஏறியது.

இதில் கட்சி பார்க்காதீர்கள். எல்லோரும் இதையே செய்கிறார்கள். 2024 மக்களவை முடிவு வந்து பத்துப் பதினோரு நாளில் கர்நாடகத்தின் காங்கிரஸ் அரசு விற்பனை வரியை ஏற்றி, பெட்ரோலும் டீசலும் சுமார் 3 ரூபாய் கூடியது.

தமிழ்நாட்டுக்கு வாருங்கள். 2011 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல், 21-ஆம் தேதி எண்ணிக்கை. நவம்பர் 17-இல் முதல்வர் ஜெயலலிதா பஸ் கட்டண உயர்வையும் பால் விலை உயர்வையும் ஒரே மூச்சில் அறிவித்தார். ஆவின் பால் லிட்டருக்கு ஆறேகால் ரூபாய் ஏறியது. 2022 பிப்ரவரி 19-இல் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். ஏப்ரல் 1-இல், ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், சொத்து வரி உயர்வு. சிறிய வீட்டுக்கு 25 சதவீதத்தில் தொடங்கி, சென்னையின் மையப் பகுதியில் பெரிய வீடுகளுக்கு 150 சதவீதம் வரை போனது. 15-ஆவது நிதிக்குழு விதித்த நிபந்தனை, ஏற்றாவிட்டால் உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் கிடைக்காது என்று திமுக அரசு விளக்கம் சொன்னது. நிபந்தனை உண்மைதான். அது பிப்ரவரி 19-க்கு முன்பும் இருந்ததே? ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வந்த எந்த வேட்பாளர், எந்தக் கட்சி வேட்பாளர், "ஜெயித்ததும் வரி ஏறும்மா" என்று சொன்னார்?

ஓர் இடைத்தேர்தலுக்குக்கூட இதுதான் நிலை. 2024 ஜூலை 10-இல் விக்கிரவாண்டி இடைத்தேர்தல், 13-இல் எண்ணிக்கை. 15-ஆம் தேதி மின்கட்டணம் 4.83 சதவீதம் உயர்வு என்று அறிவிப்பு வந்தது, அதுவும் ஜூலை 1-லிருந்தே முன்தேதியிட்டு.

ஏன் இப்படி? அரசியல்வாதிகள் கோழைகள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் இந்தப் பயத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் நமக்கும் பங்கு உண்டு. 2003-ஐ நினைவிருக்கிறதா? கஜானா காலி என்று சொல்லி அன்றைய அதிமுக அரசு விவசாயிகளின் இலவச மின்சாரத்தில் கைவைத்தது. மாத வருமானம் 5000 ரூபாய்க்கு மேல் இருந்த குடும்பங்களின் ரேஷன் கார்டில் 'எச்' முத்திரை குத்தி அரிசியை நிறுத்தியது. வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களை ஒரே உத்தரவில் லட்சக்கணக்கில் வீட்டுக்கு அனுப்பியது. 2004 மே மாதம் மக்களவைத் தேர்தலில் அதிமுக - பாஜக கூட்டணிக்குத் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. முடிவு வந்த சில நாளிலேயே அத்தனை உத்தரவும் வாபஸ். இலவச மின்சாரம் திரும்ப வந்தது, எச் முத்திரை போனது, ஊழியர்கள் மீதான நடவடிக்கை கைவிடப்பட்டது.

மக்கள் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். அந்த உத்தரவுகளில் இரக்கமே இல்லை. ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து கட்சிகள் கற்றுக்கொண்டது 'ஏழையின் வயிற்றில் அடிக்காதே' என்பதை அல்ல. 'தேர்தலுக்கு முன்னால் எதையும் தொடாதே' என்பதைத்தான். தொடாமல் விட்டதன் விலையைத்தான் இப்போது கரண்ட் பில்லில் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

2014 டிசம்பரில் மின்கட்டணம் ஏறியது. அடுத்த ஏற்றம் 2022 செப்டம்பர் 10-இல். இடையில் ஏறத்தாழ எட்டு வருஷம். 2016 சட்டமன்றம், 2019 மக்களவை, அதே வருஷம் ஊரக உள்ளாட்சி, 2021 சட்டமன்றம், 2022 நகர்ப்புற உள்ளாட்சி என்று தேர்தல் மேல் தேர்தல். நிலக்கரி விலை ஏறியது, வெளியிலிருந்து வாங்கும் மின்சாரத்தின் விலை ஏறியது, நம் கட்டணம் மட்டும் நின்றது. 2016 மே மாதம் எல்லா வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம் என்றும் ஆனது. வித்தியாசத்தை மின்வாரியம் கடன் வாங்கி நிரப்பியது. 2022-இல் கட்டண உயர்வை அறிவித்தபோது அரசே சொன்ன கணக்குப்படி வாரியத்தின் கடன் சுமார் 1.59 லட்சம் கோடி ரூபாய். அதற்கு வருஷ வட்டி 16 ஆயிரம் கோடிக்கு மேல். அந்த வட்டி எங்கே போகும்? கட்டணத்துக்குள்தான் போகும். எட்டு வருஷம் நமக்கு மிச்சம் என்று நினைத்த பணம் மிச்சமே அல்ல. நம் பெயரில் வாங்கிய வட்டிக் கடன்.

கட்டண அட்டவணையில் ஒரு குழி இருக்கிறது, அதையும் காட்டிவிடுகிறேன். 2022 செப்டம்பர் கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 500-ஐத் தாண்டி 501 ஆகிவிட்டால் அதே 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. அந்த 501-ஆவது யூனிட்டின் விலை 8 ரூபாய். அதோடு பின்னால் போய் 225 ரூபாயையும் இழுத்துக்கொண்டு வரும். ஆக ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய். ரீடிங் எடுப்பவர் நான்கு நாள் தாமதமாக வந்தால் போதும், 480-இல் நிற்கவேண்டிய வீடு 510-க்குப் போய்விடும். கோடைக்காலத்தில் ஏ.சி. ஓடும் வீடுகளில் இது சகஜம். அதனால் போன ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். 60-ஆவது நாள் மீட்டரை போனில் போட்டோ எடுத்துவையுங்கள். ரீடிங் தாமதமானால் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், போட்டோவைக் காட்டுங்கள்.

இப்போது மிக முக்கியமான உஷாருக்கு வருகிறேன். பெண்கள் கண்டிப்பாகப் படிக்க வேண்டியது இது.

2021 தேர்தலுக்கு முன் கூட்டுறவு வங்கி நகைக்கடன் தள்ளுபடி பற்றி இரு பெரிய கட்சிகளும் பேசின. 5 பவுன் வரை தள்ளுபடி என்றது திமுக. பிப்ரவரி 26 அன்று பகலில் 6 பவுன் வரை தள்ளுபடி என்று சட்டமன்றத்தில் அறிவித்தார் அன்றைய அதிமுக முதல்வர் பழனிசாமி. அன்று மாலையே தேர்தல் தேதி வெளியாகி நடத்தை விதி அமலுக்கு வந்தது. தேதி வந்துவிட்டால் புதிய சலுகை அறிவிக்க முடியாது, அதனால்தான் அந்த அவசரம். பெரிய அறிவிப்புகள் எல்லாம் தேர்தல் தேதிக்கு முந்தைய வாரங்களில் குவிவது இதனால்தான். 2024-இலும் பெட்ரோல், டீசல் 2 ரூபாய் குறைந்த மறுநாள்தான் தேர்தல் தேதி வந்தது.

'தள்ளுபடி வருதாம்' என்ற பேச்சு கிராமத்துக்குக் கிராமம் பரவியது. சும்மா பீரோவில் இருந்த செயினைக் கொண்டுபோய் அடகு வைத்தவர்கள் உண்டு. மீட்கப் பணம் சேர்த்து வைத்திருந்தும், 'கட்டாதே, தள்ளுபடி ஆகிவிடும்' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டு நிறுத்தியவர்கள் உண்டு. ஆட்சி மாறியது. நவம்பரில் அரசாணை வந்தது. 2021 மார்ச் 31 வரை நிலுவையில் இருந்த கடன்தான் கணக்கு. 40 கிராம் என்பது ஆளுக்கு அல்ல, குடும்பத்துக்கு. கணவர் பெயரில் 3 பவுன், மனைவி பெயரில் 3 பவுன் என்றால் இரண்டுமே போச்சு. அரசு ஊழியர் குடும்பம் என்றால் கிடையாது. அதே வருஷம் பயிர்க்கடன் தள்ளுபடி பெற்றிருந்தால் கிடையாது. பொருள் வாங்காத ரேஷன் கார்டு என்றால் கிடையாது. கவரிங் நகையை அடகு வைத்தது, ஒரே ஆள் பெயரில் நூற்றுக்கணக்கில் கடன் எடுத்தது போன்ற மோசடிகளும் ஆய்வில் வெளியே வந்தன. சுமார் 48 லட்சம் கடன்களைப் பரிசீலித்ததில் 35 லட்சத்துக்கும் மேல் தகுதி இல்லை என்று தள்ளப்பட்டன.

நான்கில் ஒருவருக்குத்தான் கிடைத்தது என்று வையுங்கள். மீதி மூன்று பேரின் நிலை என்ன? 2021 பிப்ரவரியில் கட்டி மீட்டிருக்கக்கூடிய கடனுக்கு டிசம்பர் வரை வட்டி ஓடியது. அசலோடு வட்டியையும் கட்ட வெளியில் கை மாற்று வாங்க வேண்டும், அல்லது நகை ஏலத்துக்குப் போகும். மகளின் கல்யாணத்துக்கென்று வைத்த நகை அது. தயவுசெய்து கேளுங்கள்: தள்ளுபடி வரும் என்று யார் சொன்னாலும், எந்த மேடையில் சொன்னாலும், அரசாணை கையில் வரும்வரை வட்டியைக் கட்டிக்கொண்டே இருங்கள். மீட்க முடிந்தால் மீட்டுவிடுங்கள். தள்ளுபடியை நம்பி ஒரு கிராம்கூட அடகு வைக்காதீர்கள்.

தேர்தல் அறிக்கையைக் காட்டி கோர்ட்டுக்குப் போகலாம் என்றும் நினைக்காதீர்கள். கலர் டி.வி., மிக்ஸி, கிரைண்டர் விவகாரத்தில் 2013 ஜூலை 5 அன்று உச்ச நீதிமன்றம், அறிக்கையில் தரும் வாக்குறுதி ஊழல் செயல் ஆகாது என்று சொல்லிவிட்டது. கூடவே தேர்தல் ஆணையம் வழிகாட்டு நெறி வகுக்கவும் சொன்னது. அதன்படி, வாக்குறுதிக்கான பணம் எங்கிருந்து வரும் என்பதைக் கட்சிகள் மேலோட்டமாகவாவது குறிப்பிட வேண்டும் என்று நடத்தை விதியில் சேர்த்தார்கள். அந்தப் பகுதியைத்தான் அறிக்கையில் தேடிப் படிக்க வேண்டும். பெரும்பாலும் அதில் விஷயமே இருக்காது.

நலத்திட்டமே கூடாது என்பது என் வாதம் இல்லை. மகளிருக்கு டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாப் பயணம் எத்தனையோ வீடுகளில் வேலைக்குப் போகும் தைரியத்தைக் கொடுத்திருக்கிறது. சத்துணவு இல்லையென்றால் இந்த மாநிலத்தின் பள்ளிக்கூடங்கள் இப்படி நிரம்பியிருக்காது. என் அச்சம், தேர்தலுக்கு முன் 'எல்லோருக்கும்' என்று தொடங்கித் தேர்தலுக்குப் பின் 'தகுதியானவர்களுக்கு' என்று சுருங்கும் திட்டங்களைப் பற்றியது. மகாராஷ்டிரத்தில் 2024 ஜூலையில் பெண்களுக்கு மாதம் 1500 ரூபாய் திட்டம் வந்தது, நவம்பரில் தேர்தல் வந்தது. ஜெயித்தால் 2100 ஆக்குவோம் என்றார்கள். ஜெயித்த பிறகு சரிபார்ப்பு தொடங்கி லட்சக்கணக்கான பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. மாதா மாதம் வரும் என்று நம்பி அந்த 1500-ஐ வைத்துக் குழுக்கடன் தவணை கட்டத் தொடங்கியிருந்தால், பணம் நின்ற மாதம் என்ன செய்வது?

விவசாயிக்கு இதே ஆபத்து வேறு வழியில் வருகிறது. நகரத்து ஓட்டுக்காக வெங்காய விலையை அமுக்க வேண்டுமென்றால் ஏற்றுமதியை நிறுத்துவார்கள். 2023 டிசம்பர் 8-இல் மத்திய அரசு தடை போட்டது. நாசிக் பகுதி விவசாயி விலை கிடைக்காமல் தவித்தார். நாசிக், திண்டோரி தொகுதிகளில் 2024 மே 20-இல் வாக்குப்பதிவு, மே 4-இல் தடை நீங்கியது. காலம் கடந்துவிட்டது, திண்டோரியில் மத்திய அமைச்சரே தோற்றார். மகாராஷ்டிர சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு மாதம் முன், செப்டம்பரில் ஏற்றுமதி வரி 40-லிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. விதைக்கும்போது எந்தத் தேர்தல் வரும், அறுக்கும்போது எந்தத் தேர்தல் வரும் என்று விவசாயி பார்க்க வேண்டியிருக்கிறது.

கடைசிவரை பில்லை ஒளித்துவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இலங்கையைத் தாண்டி உதாரணம் தேட வேண்டாம். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தலில் வரிக்குறைப்பு வாக்குறுதி. ஜெயித்த கையோடு மதிப்புக் கூட்டு வரி 15-லிருந்து 8 சதவீதம் ஆனது. அரசின் வருமானம் சரிந்தது, கொரோனா வந்தது, டாலர் தீர்ந்தது. 2022 ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தார்கள். ஒன்பது வருஷம் ஏறாத மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதம், 2023 பிப்ரவரியில் மறுபடியும் 66 சதவீதம் ஏறியது. மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய். மண்ணெண்ணெயில் ஓடும் படகை நம்பிய யாழ்ப்பாணத்து, மன்னார் மீனவர்களால் கடலுக்குப் போகவே முடியவில்லை. 8 சதவீதமாகக் குறைத்த வரி 2024 ஜனவரியில் 18 சதவீதம். குறைப்பதற்கு முன் இருந்ததைவிட 3 சதவீதப் புள்ளி அதிகம்.

அதனால் அடுத்த தேர்தல் எதுவானாலும், உள்ளாட்சியோ இடைத்தேர்தலோ, அதன் தேதி தெரிந்ததும் உங்கள் கணக்கைத் திருத்துங்கள். தேர்தலுக்கு முந்தைய டீசல் விலையை வைத்து வருஷ ஒப்பந்தம் பேசாதீர்கள். வேன் ஓட்டுகிறவர்கள், சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவர்கள், சரக்கு ஏற்றுகிறவர்கள், 'டீசல் இத்தனை ரூபாய்க்கு மேல் போனால் வாடகை இவ்வளவு கூடும்' என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பித்தால் ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். சரிபார்ப்பு வரும்போது மேல்முறையீடு செய்யக் குறிப்பிட்ட நாள் அவகாசம்தான் கொடுப்பார்கள். முடிவு வந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குப் புதிதாக எந்த மாதத் தவணையிலும் கையெழுத்துப் போடாதீர்கள். அந்த ஆறு மாதத்தில் கரண்ட், பஸ், பால், வரி எல்லாம் எங்கே போய் நிற்கின்றன என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர் வாசலில் நிற்கும்போதே, அவர் கையில் இருக்கும் நோட்டீஸை வாங்கிக்கொண்டு, "இதற்கான பணத்துக்கு எந்தக் கட்டணத்தை ஏற்றப் போகிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை, தேதி போட்டு, அந்த நோட்டீஸின் பின்பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.